வீட்டில் பாடம், வகுப்பில் பயிற்சி: மலையகப் பாடசாலைகளுக்கு இது ஒத்துவருமா?

தலைகீழ் வகுப்பறை பற்றிய பேச்சு மலையகத்துப் பாடசாலைகளுக்கும் வந்துவிட்டது. செயலமர்வுக்குப் போய்வந்த ஆசிரியர் ஒருவர் அதைச் சொல்கிறார். ஸ்மார்ட் போர்ட் வாங்கிக் கொடுத்த பழைய மாணவர்கள் அதைக் கேட்கிறார்கள். அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் பேச்சை எடுத்ததும் இரண்டு குரல்கள் எழும். "நம்ம பிள்ளைகள்கிட்ட போன் எங்க இருக்கு, தோட்டத்துல சிக்னல் எங்க இருக்கு?" என்பது ஒன்று. "கொழும்புல செய்றாங்க, நாம மட்டும் பின்னுக்கு நிக்கிறதா?" என்பது மற்றது. இரண்டும் போனோடு நின்றுவிடுகின்றன. ஒரு பாடவேளைக்கு நமக்குக் கிடைக்கும் நேரத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முடிவெடுப்பதற்கு அந்தக் கேள்விதான் முதலில் வேண்டும்.

முறை எளிமையானது. வழமையில் ஆசிரியர் வகுப்பில் பாடத்தை விளக்குவார், பிள்ளை வீட்டில் பயிற்சி செய்யும். தலைகீழ் வகுப்பறையில் இவை இடம் மாறுகின்றன. விளக்கத்தைப் பிள்ளை முன்கூட்டியே, பெரும்பாலும் ஒரு சிறு வீடியோவில், பார்த்துவிட்டு வரும். வகுப்பில் ஆசிரியர் அருகில் இருக்கும்போது கணக்குச் செய்யும், பரிசோதனை செய்யும், கேள்வி கேட்கும்.

இதைப் பாடசாலைகளில் பரப்பிய ஜொனதன் பேர்க்மனும் ஆரன் சாம்ஸும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வூட்லண்ட் பார்க் என்ற ஊரின் உயர்நிலைப் பாடசாலையில் இரசாயனவியல் கற்பித்தவர்கள். அதுவும் மலையூர்தான், நுவரெலியாவைவிட உயரம். விளையாட்டுப் போட்டிகளுக்காக வெளியூர் போகும் மாணவர்கள் அடிக்கடி பாடத்தைத் தவறவிட்டதால், அவர்களுக்காக 2007இல் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். வராத பிள்ளைக்காகச் செய்ததை வந்த பிள்ளைகளும் பார்த்தார்கள். அப்படியானால் வகுப்பில் இன்னொரு தடவை ஏன் அதையே சொல்ல வேண்டும் என்ற கேள்வி பிறந்தது. வீட்டில் கணினி இல்லாத மாணவர்களுக்குப் பாடத்தை டிவிடியில் போட்டுக் கொடுத்தார்கள். நம்முடைய செயலமர்வுகளில் இந்தக் கடைசி விவரத்தை மட்டும் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

வீடியோ இல்லாமலும் இது நடந்திருக்கிறது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பித்த எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலேயே மாணவர்களை முன்கூட்டி வாசித்துவிட்டு வரச் சொன்னார். வகுப்பில் ஒரு கேள்வியைப் போடுவார். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி விடையைக் கண்டுபிடிக்க வேண்டும். கான் அகடமியின் யூடியூப் பாடங்கள் பிரபலமான பிறகே இந்த முறையும் வீடியோவும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவியது. அந்த எண்ணம் நமக்கு நல்லது செய்யவில்லை.

வீட்டுக்கு எதை அனுப்புகிறோம்

பாடத்தைக் கேட்பது சுலபம். ஆசிரியர் கரும்பலகையில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்துக் காட்டும்போது வகுப்பில் எல்லாருக்கும் விளங்கியதுபோலத்தான் இருக்கும். எண்ணை மாற்றிக் கொடுத்த கணக்கைத் தனியே செய்யும்போது மூன்றாவது வரியில் கை நின்றுவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளை நான்காவது வரிக்குப் போகும், அல்லது கொப்பியை மூடிவைக்கும். கண்டி நகரத்தில் வங்கியில் வேலை செய்பவரின் மகளுக்குத் தகப்பன் இருப்பார், அக்கா இருப்பாள், இல்லாவிட்டால் டியூஷன் சேர் இருப்பார். டயகமவில் கொழுந்தெடுக்கும் தாயின் மகளுக்கு அந்த மூன்றாவது வரியில் யாரும் இல்லை. தாய் ஐந்தாம் ஆறாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம்.

இதில் அந்தத் தாயைக் குறைசொல்ல எதுவும் இல்லை. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. தோட்ட நிர்வாகத்தின் கையில், பெரும்பாலும் ஓர் ஆசிரியரோடு, கீழ் வகுப்புகளை மட்டும் வைத்து நடந்தவை அவை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அரசு பாடசாலைகளையும் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த வேலை 1980களிலும் கட்டம் கட்டமாக இழுபட்டது. சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழும்பியதும், ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்ததும் அதற்குப் பின்னர். இன்று பத்தாம் தரத்தில் இருக்கும் பிள்ளையின் பாட்டி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்லது படிக்காதவர். வீட்டில் அட்சரகணிதம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்க வேண்டுமானால் படித்த தலைமுறை ஒன்று முதலில் வீட்டில் இருக்க வேண்டும். மலையகத்தில் அந்தத் தலைமுறை இப்போதுதான் பெற்றோர் ஆகிறது. அவர்களிலும் படித்தவர்கள் பலர் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள்.

ஆகவே வழமையான வீட்டுப்பாடம் என்பது பாடத்தின் கடினமான பாதியை, உதவி மிகக் குறைந்த வீட்டுக்கு அனுப்புவது. தலைகீழ் வகுப்பறைக்குச் சார்பாகச் சொல்லக்கூடிய ஆகப் பலமான நியாயம் இதுதான். வசதியானவர்கள் வாழும் கொழும்பு 7ஐவிட இந்த நியாயம் பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் லுணுகலைக்கும் கூடுதலாகப் பொருந்தும். கணக்கில் சிக்கும் இடம் வகுப்பறைக்குள் வந்துவிட்டால் ஆசிரியர் மேசையருகே போய் அந்த மூன்றாவது வரியைப் பார்க்கலாம். நம் பிள்ளைகளில் பலர் கை உயர்த்திக் கேள்வி கேட்கக் கூச்சப்படுபவர்கள். ஆசிரியர் பக்கத்தில் வந்து நின்றால் மெதுவான குரலிலாவது கேட்பார்கள்.

ஆனால் இந்த நியாயத்துக்கு மறுபக்கமும் உண்டு. கடினமான பாதி பாடசாலைக்கு வந்துவிட்டது, சரி. இலகுவான பாதியை வீட்டில் செய்யவும் நேரம் வேண்டும், இடம் வேண்டும், ஒரு கருவியும் வேண்டும்.

பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. பஸ் போகாத தோட்டப் பிரிவுகளின், அதாவது டிவிசன்களின், பிள்ளைகள் நடந்து லயத்து வீட்டுக்கு வர மூன்று மணியாகலாம். தண்ணீர் பிடிக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவிலிருந்து தம்பியைக் கூட்டிவர வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். இவற்றில் பெரும்பங்கு பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. தாய் கொழுந்து நிறுத்துக் கொடுத்து மலையிலிருந்து இறங்கி வர மாலையாகும். வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் அது வேலைக்குப் போனவரோடு போயிருக்கும். இரவு ஏழு மணிக்கு அது கைக்கு வரும்போது மூன்று பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பார்கள். ரீலோட் போட்டிருந்தால்தான் வீடியோ ஓடும். தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். பேர் விழுந்த, அதாவது முழு நாள் வேலையாகப் பதிந்த, நாட்களுக்குத்தான் அந்தக் கணக்கும். அரைப் பேர் விழுந்த கிழமையில் டேட்டாவுக்குக் காசு கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் கிடைக்கும் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது இதையெல்லாம் நேரிலேயே பார்த்தோம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது, தொலைக்காட்சியில் குரு கெதர பாட நிகழ்ச்சி இருந்தது, ஆனால் பெரும்பாலான பாடசாலைகளில் நடந்தது வாட்ஸ்அப்தான். பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியரும் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறை ஏறிய செய்தி 2021இல் உலகம் முழுக்கப் போனது. தோட்டங்களில் அதே கதை செய்தியாகாமல் தினமும் நடந்தது. கோயில் மேட்டில், தேயிலை மலை உச்சியில், பங்களா ரோட்டு வளைவில் பிள்ளைகள் போனோடு நின்றார்கள்.

அந்த அனுபவத்தை வைத்து "நாங்க ஏற்கனவே செஞ்சு பாத்துட்டோம், சரிவரல" என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களோடு முழுக்க உடன்பட முடியாது. அப்போது நடந்தது தலைகீழ் வகுப்பறையின் முதல் பாதி மட்டும். இரண்டாம் பாதியான வகுப்பே கிடையாது. போனில் போனதும் பெரும்பாலும் விளக்கம் அல்ல, நோட்ஸ். கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினோம், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள், எழுதியதைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றை மட்டும் அந்தக் காலம் சந்தேகமில்லாமல் காட்டியது. போன் வழியாக அனுப்பும் எதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் போய்ச் சேராது.

ஆய்வுகள் சொல்வது

போன் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது இந்த முறை பலன் தருமா?

இதற்கு மலையக ஆசிரியருக்கு நேரடியாகப் பயன்படும் ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஜென்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் உயிரியல் கற்கும் இரண்டு குழுக்களை ஒப்பிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தலைகீழ் முறை, மற்றதற்கு வழமையான ஒழுங்கு. ஆனால் இரண்டு குழுக்களும் வெறுமனே உட்கார்ந்து கேட்கவில்லை. இரண்டிலும் மாணவர்கள் தாங்களே செய்து, தேடி, பேசிக் கற்றார்கள். முடிவில் இரண்டு குழுக்களுக்கும் இடையே கற்றலில் வித்தியாசம் இல்லை. தலைகீழ் வகுப்பறையின் நன்மை என்று நாம் கருதுவது, மாணவர் செயலில் ஈடுபடுவதால் வரும் நன்மையாகவே இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

நம்மைத் தொடும் விடயம் இனித்தான் வருகிறது. அந்த இரண்டு குழுக்களிலும் கையாண்ட முறை ஃபைவ் ஈ. பிள்ளையை ஈடுபடச் செய்தல், தேடவிடல், விளக்குதல், விரித்தல், மதிப்பிடுதல் என்ற அதே ஐந்து படிகள். இலங்கையில் 2007இல் தொடங்கிய பாடத்திட்டச் சீர்திருத்தம் கொண்டுவந்ததும் அதையே. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளில் செயற்பாடுகள் அந்த வரிசையில் அச்சாகி அலுமாரிகளில் கிடக்கின்றன. கிடக்கின்றன என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். குழுக்களாகப் பிரித்து, பொருட்களைக் கொடுத்து, தேடவிட்டு, பிறகு விளக்கும் பாடம் நம் வகுப்புகளில் எத்தனை நாள் நடக்கிறது? ஒரு பாடவேளையில் வரவு எடுத்து, முந்திய பாடத்தை ஞாபகப்படுத்தி, விளக்கி, நோட்ஸ் சொல்லி முடிக்கும்போது மணி அடித்துவிடும். பிள்ளையின் கை எழுதியது உண்மை. சொன்னதை எழுதியது அது.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. வழிகாட்டியில் உள்ளபடி வகுப்பில் செயற்பாடு செய்விக்கும் ஆசிரியருக்குத் தலைகீழ் வகுப்பறை புதிதாக அதிகம் எதையும் கொடுக்காது. அவர் இருக்கிறபடியே தொடரலாம். விளக்கத்துக்கும் நோட்ஸுக்கும் நேரம் போய்விடுவதால் செயற்பாட்டுக்கு இடமில்லை என்று தவிக்கும் ஆசிரியருக்கு இது அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்கலாம். நேரம் கிடைத்தாலும் அதில் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்காதவர் மாறவே வேண்டாம். காலியான பாடவேளையில் அவர் அதே பாடத்தை மறுபடி விளக்குவார். வீடியோ பார்த்த பிள்ளைக்கு அலுப்பு, பார்க்காத பிள்ளைக்கு அடுத்த முறை பார்க்கவும் தேவையில்லை.

இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 114 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து வான் அல்டனும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட மதிப்பீடு, சிறிய அளவில் நன்மை இருப்பதாகச் சொல்கிறது. வகுப்பு நேரத்தைக் குறைக்காத இடங்களிலும் சிறு வினாச் சோதனை வைத்த இடங்களிலும் நன்மை கூடுதல். மற்றது அமெரிக்க இராணுவக் கல்லூரியான வெஸ்ட் பொயின்ரில் குலுக்கல் முறையில் வகுப்புகளைப் பிரித்து நடத்தி 2021இல் வெளியான ஆய்வு. கணிதத்தில் ஆரம்பத்தில் முன்னேற்றம் தெரிந்தது, பொருளியலில் எதுவும் இல்லை, கணித முன்னேற்றமும் சராசரியில் நீடிக்கவில்லை. நீடித்தது ஒன்றுதான். முன்னுக்கு இருந்தவர்களுக்கும் பின்னுக்கு இருந்தவர்களுக்கும் இடையிலான தூரம் கூடியது, கூடியபடியே நின்றது.

வெஸ்ட் பொயின்ரில் எல்லாரிடமும் கணினி உண்டு. ஒரே விடுதி, ஒரே சாப்பாடு, ஒரே நேரசூசி, அடுப்பு மூட்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அங்கேயே இடைவெளி அகன்றது என்றால், பிள்ளைக்கு ஒரு டெப் வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. தனியே உட்கார்ந்து படிக்கும் பழக்கம் ஏற்கனவே உள்ளவருக்குத்தான் தனியே பார்க்கும் பாடம் கூடுதலாக உதவுகிறது. நன்கொடை கொடுக்க முன்வரும் வெளிநாட்டு உறவுகளும் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஹட்டனில் ஏற்கனவே நடக்கும் தலைகீழ்

இதை யாரும் இந்தப் பெயரில் சொல்வதில்லை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை நகரங்களில் டியூஷன் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு வகுப்பறை எப்போதோ தலைகீழாகிவிட்டது. விளக்கத்தை அவர்கள் சனிக்கிழமை கேட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமை பாடசாலையில் அதே பாடம் வரும்போது அது அவர்களுக்கு இரண்டாம் தடவை. தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அது முதல் தடவை. "இது டியூஷன்ல செஞ்சிட்டீங்கதானே?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வேகமாகப் போகும்போது "ஓம் சேர்" என்று சத்தமாகச் சொல்பவர்கள் பாதி வகுப்பு, பேசாமல் இருப்பவர்கள் மீதி.

ஆகவே சமமாக நடக்கும் ஒரு வகுப்பறையைத் தலைகீழாக்கிக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. சமமாக அது இப்போதே இல்லை. முன்கூட்டி விளக்கம் கிடைப்பது காசு உள்ளவருக்கு மட்டும் என்றிருப்பதை எல்லாருக்கும் என்று ஆக்க முடியுமா என்பதுதான் கேள்வி. என் கருத்தில் முடியும். ஆனால் அது வீட்டில் அல்ல, பாடசாலைக்குள் நடக்க வேண்டும்.

பாடசாலைக்குள் நேரம் எங்கே என்று கேட்பார்கள். ஆசிரியர் வராத பாடவேளையில் ரிலீஃபுக்கு வருபவர் "சத்தம் போடாம இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம் நம் பாடசாலைகளில் கொஞ்சமல்ல. அந்த நேரத்துக்கு ஒரு தாள் தயாராக இருந்தால் போதும். அடுத்த பாடத்தின் விளக்கம் ஒரு பக்கம், கீழே மூன்று கேள்விகள். அல்லது பாடப்புத்தகத்தின் குறிப்பிட்ட பக்கம். பாடப்புத்தகம் 1980 முதல் அரசு இலவசமாகக் கொடுப்பது, எல்லாப் பிள்ளைகளின் பையிலும் இருப்பது, சார்ஜ் தேவைப்படாதது. முந்திய பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தையும் இதற்கு ஒதுக்கலாம். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும்: விளங்காத இடம் எது? அந்தத் தாள்களை ஆசிரியர் இடைவேளையில் புரட்டினாலே அடுத்த நாள் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்துப் பார்க்கும் சிறிய பாடசாலைகளில் இது புதிதே அல்ல. பல்தரக் கற்பித்தலில் ஒரு தரம் தானாக வாசித்துச் செய்துகொண்டிருக்கும்போது ஆசிரியர் அடுத்த தரத்தோடு இருப்பார். நேரம் முழுக்கக் குழுவேலைக்கு விட்டுவிட்டு ஆசிரியர் சுற்றிவரும் முறையை இந்தப் பாடசாலைகளிடமிருந்து நகரப் பாடசாலைகள் கற்றுக்கொள்ளலாம். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

தாளில் நடக்காத இடமும் உண்டு. வாசிப்பு தடுமாறும் பிள்ளைக்கு ஒரு பக்க விளக்கம் என்பது இன்னொரு தண்டனை. ஆறாம் ஏழாம் தரங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் வகுப்பில் கணிசமாக இருந்தால் அங்கே தலைகீழ் வேண்டாம். ஆசிரியர் வாயால் சொல்லிக்கொடுப்பதே சரி. வாசிப்பைச் சரிப்படுத்தும் வேலை அதற்கு முன்னால் நிற்கிறது.

வீடியோவையும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. இதயத்தில் குருதி ஓடும் பாதை, புவித்தட்டுகள் நகர்வது, நம் ஆய்வுகூடத்தில் பொருள் இல்லாததால் செய்யவே முடியாத பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்தால் விளங்குவதுபோல வாசித்து விளங்காது. ஒரு பென் டிரைவில் போட்டுப் பாடசாலையின் டிவியில் காட்டலாம். போன் உள்ள பிள்ளைக்கு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கலாம், டேட்டா செலவு இல்லை. தெரிவுசெய்யும்போது ஒரு கவனம் வேண்டும். யூடியூபில் நல்ல தமிழ்ப் பாடங்கள் பல தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே முடுக்கம் என்பது நமக்கு ஆர்முடுகல், தனிமம் என்பது மூலகம். சாதாரண தரப் பரீட்சை வினாத்தாளில் நம் சொல்தான் வரும். ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் ஆசிரியர் தன் குரலிலேயே போனில் பதிந்த பாடம், அழகு குறைந்தாலும், இந்தக் குழப்பத்தைத் தராது. தெரிந்த குரல் என்பதால் பிள்ளைகள் கேட்கவும் செய்வார்கள்.

முறையைவிடப் பெரிய தடைகள்

முதல் தடை கொப்பி. நம் பாடசாலைகளில் கற்பித்தலுக்குச் சாட்சி நிறைந்த கொப்பிதான். மேற்பார்வைக்கு வருபவர் அதைப் புரட்டுகிறார், பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய் அதைப் பார்த்துத்தான் "டீச்சர் நல்லாப் படிச்சுக் குடுக்கிறாங்க" என்று முடிவுசெய்கிறார். குழுவாகப் பேசி, வெட்டித் திருத்தி, பாதியில் விட்டுக் கணக்குச் செய்த வகுப்பின் கொப்பி அலங்கோலமாகத்தான் இருக்கும். இதை முன்கூட்டியே அதிபருக்கும் வலயக் கல்விப் பணிமனையின் ஆசிரிய ஆலோசகருக்கும் சொல்லிவிடாமல் தொடங்கும் ஆசிரியர் இரண்டாம் மாதமே நோட்ஸுக்குத் திரும்பிவிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. பெற்றோருக்கும் ஒருமுறை கூட்டிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் "சேர் படிச்சுக் குடுக்காம பிள்ளைகளையே செய்யச் சொல்றாரு" என்ற பேச்சு லயத்துக்கு லயம் போய்விடும்.

அடுத்தது ஆசிரியர். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் உண்டு. 2015 வாக்கில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் சேர்த்தார்கள். அந்தக் காசில் பஸ்ஸுக்குக் கொடுத்து மீதியில் வாழ்ந்தவர்கள் அவர்கள். வெளி மாவட்டங்களிலிருந்து நியமனம் பெற்று வருபவர்களில் பலர் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். ஆள் இல்லாத இடத்தில் வீடியோவை வைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனை இந்தச் சூழலில் அடிக்கடி எழும், கேட்கவும் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் தலைகீழ் வகுப்பறை ஆசிரியரின் வேலையைக் கூட்டுகிறது, குறைப்பதில்லை. மூன்றாவது வரியில் நிற்கும் பிள்ளையின் தவறு என்ன என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கப் பாடத்தை ஆழமாகத் தெரிந்த ஒருவர் வேண்டும். விளக்கத்தைத்தான் பதிவுசெய்ய முடியும், அந்தப் பார்வையை முடியாது. ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பக் கேட்கும் கடிதத்துக்குப் பதிலாக ஒரு வீடியோத் தொகுப்பு வந்தால் அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பரீட்சை பெரிய தடை என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடத்திட்டம் முடியாது என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் முடித்த பாடத்திட்டத்திலிருந்தும் பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடையாமல் போகிறார்கள்.

யார், எங்கே, எவ்வளவு

முழுப் பாடசாலையும் மாற வேண்டும் என்று எடுக்கும் முடிவு தோற்கும். விருப்பமுள்ள ஓர் ஆசிரியர், ஒரு பாடம், ஓர் அலகு என்று தொடங்கலாம். தரம் 10 கணிதம் பொருத்தமானது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள், பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கிறது, சிக்கல் எழும் இடம் தெளிவாகத் தெரியும் பாடம். உயர்தர வகுப்பில் மாணவர் தொகை குறைவு, ஆர்வம் கூட, ஆகவே அங்கே இலகுவாக நடக்கும். ஆனால் அங்கே வென்றதை வைத்துக் கீழ் வகுப்புக்கும் சரிவரும் என்று சொல்ல முடியாது. வரலாறு, சமயம் போன்ற பாடங்களில் இதைப் பற்றி யோசித்து நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. அங்கே நல்ல ஆசிரியரின் கதை சொல்லலுக்கு ஈடு கிடையாது.

இரண்டு சமாந்தர வகுப்புகள் உள்ள பாடசாலையாக இருந்தால் ஒன்றில் இந்த முறையிலும் மற்றதில் வழமைபோலவும் அதே அலகைக் கற்பித்து, ஒரே வினாத்தாளைக் கொடுத்துப் பார்க்கலாம். சராசரிப் புள்ளியைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. வகுப்பின் கடைசி மூன்றிலொரு பங்கு பிள்ளைகளின் புள்ளியைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். சராசரி ஏறி அவர்களின் புள்ளி அப்படியே நின்றாலோ இறங்கினாலோ, முறை அந்த வகுப்புக்கு ஆகவில்லை. கைவிட வேண்டியதுதான். முன்வேலை செய்யாமல் வந்தவர்கள் யார் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். அவர்கள் ஒரே டிவிசனிலிருந்து வருபவர்களா, பெண்பிள்ளைகளா, தாய் வெளிநாட்டில் இருப்பவர்களா? பட்டியலில் ஒரு சாயல் தெரிந்தால் பிரச்சினை பிள்ளையின் சோம்பலில் இல்லை. முன்வேலையை வீட்டிலிருந்து எடுத்து முழுக்கப் பாடசாலைக்குள் கொண்டுவர வேண்டும்.

முறை சரிவராவிட்டாலும் மிஞ்சக்கூடியது ஒன்று உண்டு. அலகு ஒன்றுக்கு ஐந்தாறு தாள்களும் சில ஒலிப்பதிவுகளும் சேர்ந்திருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோது ரோடு போனது, கரண்ட் போனது, போன் கோபுரங்களும் நின்றன. இணையத்தில் இருந்த எந்தப் பாடமும் அந்த நாட்களில் யாருக்கும் உதவியிருக்காது. அச்சடித்து அலுமாரியில் வைத்த தாள், மண்சரிவு முகாமிலிருந்து இரண்டு கிழமை கழித்து வரும் பிள்ளைக்கு அன்றைக்கே கொடுக்கக்கூடியது. சடங்கோ கல்யாணமோ காய்ச்சலோ காரணமாக வராத பிள்ளைக்கும் அதுதான்.

எப்போது தொடங்குவது என்பதும் சின்ன விடயமல்ல. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜூன், ஜூலை மழையில் வரவு குறையும். பதுளைப் பக்கம் வருடக் கடைசியில் குறையும். இரு பக்கத்துக்கும் ஓரளவு வெயில் கிடைப்பது வருடத் தொடக்கத்தில், முதலாம் தவணையில். அந்தத் தவணையில்தான் இல்ல விளையாட்டுப் போட்டியும் வருகிறது, ஒத்திகைக்குப் பிள்ளைகளைக் கேட்டு மைதானத்திலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே எட்டுப் பாடவேளைக்குத் திட்டமிட்டால் ஐந்து கிடைக்கும் என்று வைத்து, அதற்குள் முடியக்கூடிய சிறிய அலகாகப் பார்த்து எடுப்பது நல்லது.